அப்பாவின் சிங்பாஸ் என் போனில்: தப்பா, பாதுகாப்பா?

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து 44 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 73 வயது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அம்மா காலமாகி ஆறு வருடம் ஆகிறது. வீட்டில் அப்பாவும் மகளும்தான், தம்பி பெர்த்தில். இரண்டு மாதத்துக்கு முன்பு அப்பாவுக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. "நான் யாரு, சொல்லு பார்ப்போம். அதுக்குள்ள மறந்துட்டியா?" என்று மலாயில் ஒரு குரல். அப்பாவே, "நீ ரஹீம்தானே?" என்று பழைய துறைமுக நண்பரின் பெயரைச் சொல்ல, "ஆமாம், புது நம்பர், சேவ் பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டது. மூன்று நாள் கழித்து அந்த 'ரஹீம்' மருத்துவமனைச் செலவுக்குப் பணம் கேட்க, அப்பா பேநவ் என்ற வங்கிப் பணப்பரிமாற்ற வசதி வழியாக 2,400 வெள்ளி அனுப்பிவிட்டார். நிஜ ரஹீமைக் காப்பிக்கடையில் பார்த்து உடம்பு எப்படி என்று விசாரித்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

அதன் பிறகு மகள் களத்தில் இறங்கிவிட்டார். அரசு இணையச் சேவைகளுக்குள் நுழைய உதவும் அப்பாவின் சிங்பாஸ் செயலியையும், வங்கிப் பரிவர்த்தனைக்கு ஒப்புதல் தரும் வங்கி டோக்கனையும் தன் போனுக்கு மாற்றிக்கொண்டார். அப்பாவின் வாட்ஸ்அப்பைத் தன் மடிக்கணினியோடு இணைத்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்து வருகிறார். வங்கி அறிக்கைகளை ஓர் ஏஐ உரையாடல் செயலியில் போட்டு, "இதில் சந்தேகமான பரிவர்த்தனை எது?" என்று கேட்டிருக்கிறார். பேநவ்வில் தெரிந்த பெயரை ஃபேஸ்புக்கில் தேடி, கிடைத்த ஆளின் படத்தையும் கைப்பேசி எண்ணையும் 230 பேர் இருக்கும் தன் அடுக்குமாடி புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். அவர் ஒரு கிளினிக்கின் முன்மேசையில் வேலை செய்கிறார். அந்த ஆளின் முகவரி நோயாளிப் பதிவில் இருக்குமோ என்று தேடிப் பார்க்கக் கை துறுதுறுக்கிறது, இன்னும் தேடவில்லை என்கிறார்.

அப்பா இப்போது சரியாகப் பேசுவதில்லை. போனைப் பழையபடி ஆக்கிக் கொடு என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். வாசகி கேட்பது: நான் மகள்தானே, இதில் சட்டப்படி என்ன தப்பு? எல்பிஏ (நீடித்த அதிகாரப் பத்திரம்) எழுதி வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? போன பணத்தை வங்கி தருமா? இல்லை, பேசாமல் அவருக்கு ஒரு பட்டன் போன் வாங்கிக் கொடுத்து இந்தத் தலைவலியையே ஒழித்துவிடலாமா?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் ஓர் இடத்தை மூன்று முறை படித்தேன். "'இங்க கொஞ்சம் பாருங்கப்பா' என்று போனை நீட்டினேன். எதற்கு என்றுகூடக் கேட்காமல் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்" என்று எழுதியிருக்கிறீர்கள். சிங்பாஸை உங்கள் போனில் ஏற்ற அவர் முகத்தை ஸ்கேன் செய்த நேரம் அது. மகள் படம் எடுக்கிறாள் என்று நினைத்திருப்பார், பாவம். உங்கள் கேள்விகள் எல்லாமே கடைசியில் அந்த இடத்துக்குத்தான் வந்து நிற்கின்றன. அவர் சம்மதித்தாரா என்று கேட்டால் ஆமாம். எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரிந்து சம்மதித்தாரா என்றால், இல்லை.

சிங்பாஸைக் கொடுத்தால் மூன்று வருடம் ஜெயில் என்று எங்கோ படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை என்கிறீர்கள். அந்தச் சட்டம் உங்களுக்காக வந்ததில்லை. கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டத்தை 2023இல் திருத்தினார்கள். 2024 பிப்ரவரியில் நடப்புக்கு வந்தது. குற்றச் செயலுக்குப் பயன்படும் என்று தெரிந்தோ, அப்படி நினைக்க நியாயமான காரணம் இருந்தோ, தன் சிங்பாஸ் விவரங்களை இன்னொருவரிடம் கொடுப்பவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை. காசுக்கு ஆசைப்பட்டுத் தன் சிங்பாஸை விற்றுவிட்டு, "எனக்கு ஒன்றும் தெரியாது சார்" என்று வந்து நிற்பவர்களுக்கான சட்டம் அது. உங்கள் அப்பாவுக்கும் உங்களுக்கும் அதில் வேலை இல்லை.

ஆனால் பெருமூச்சு விடுவதற்கு முன் இன்னும் கொஞ்சம் படியுங்கள்.

'மகள்தானே' என்ற பிரிவு சட்டத்தில் இல்லை

அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு பழையது. உரிய அனுமதியில்லாமல் ஒரு கணினியில் இருக்கும் தகவலை அணுகினால், முதல் முறை என்றால் 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். போனும் சட்டத்தின் கண்ணில் கணினிதான். அணுகியவர் மகளா, மனைவியா, மாப்பிள்ளையா என்று அந்தப் பிரிவு பார்ப்பதில்லை. அனுமதி இருந்ததா என்றுதான் கேட்கும். முதலில் உங்களுக்கு ஏதோ ஒரு வகையில் அனுமதி இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அவர் இரண்டு முறை திருப்பிக் கேட்ட பிறகு அது முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் உள்ளே போவது வேறு கணக்கு.

வெளிப்படையாகச் சொல்கிறேன், இதற்காக அப்பா காவல் நிலையம் போய், உங்கள்மீது வழக்கு வந்து நிற்பது நடக்கிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை. எனக்குள்ள கவலை வேறு இரண்டு இடத்தில். ஒன்று வங்கி. கடவுச்சொல்லையும் ஓடிபியையும் யாரிடமும் கொடுக்கக் கூடாது என்பது சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் மின்னிலக்கப் பணப்பரிமாற்ற வழிகாட்டியிலேயே கணக்குவைத்திருப்பவரின் கடமையாக எழுதப்பட்டிருக்கிறது. நாளைக்கு உங்கள் போனில் ஏதோ ஒரு தீச்செயலி புகுந்து அப்பாவின் கணக்கைத் துடைத்துவிட்டால், வங்கி கேட்கும் முதல் கேள்வி, "டோக்கன் ஏன் உங்கள் போனில் இருந்தது?" அதற்கு நல்ல பதில் எதுவும் இல்லை. இன்னொன்று தம்பி. இன்றைக்கு அவர் பெர்த்திலிருந்து, "அக்கா பாத்துக்குவா" என்கிறார். அப்பாவின் காலத்துக்குப் பிறகு, மார்ச் மாதம் 3,000 வெள்ளியை எடுத்தது யார் என்று அவரோ அவர் மனைவியோ கேட்டால், அப்பாவின் பெயரில் நீங்கள் அழுத்திய ஒவ்வொரு பட்டனுக்கும் நீங்கள் கணக்குச் சொல்ல வேண்டிவரும். அக்காவும் தம்பியும் வக்கீல் வைத்துக்கொண்டு பேசுகிற நிலைமைக்கு வந்த குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாமே நல்ல எண்ணத்தில் ஆரம்பித்தவைதான்.

அப்புறம், "அவருக்கு இனிமேல் முடிவெடுக்கத் தெரியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். 2008ஆம் ஆண்டின் மனநலத் திறன் சட்டம் அப்படி நினைக்க உங்களை விடாது. திறன் இல்லை என்று நிரூபிக்கப்படும் வரை ஒவ்வொருவருக்கும் திறன் உண்டு என்றே கொள்ள வேண்டும். புத்திசாலித்தனமில்லாத முடிவு ஒன்றை எடுத்தார் என்பதற்காக மட்டும் ஒருவரைத் திறனற்றவர் என்று சொல்லக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. அப்படிச் சொல்லலாம் என்றால் வேண்டாத காப்புறுதியில் கையெழுத்துப் போட்ட நாம் எல்லாருமே அந்த வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

ஏமாறுவது வயதானவர்கள்தான் என்ற நினைப்பும் பாதி உண்மை. 2024இல் மட்டும் சிங்கப்பூரில் 51,000க்கு மேற்பட்ட மோசடிச் சம்பவங்கள், குறைந்தது 110 கோடி வெள்ளி இழப்பு. ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் 50 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள். ஆனால் சராசரியாகத் தலைக்கு அதிகம் இழந்தவர்கள் மூத்தோர்தான். ஆகவே உங்கள் பயம் வீண் பயம் இல்லை. அதற்காகப் பூட்டை அப்பாவுக்குப் போட்டுவிட்டு, உங்கள் போனைத் திறந்து வைத்திருப்பதுதான் எனக்குப் புரியவில்லை.

அந்த வாட்ஸ்அப் ஜன்னல்

இதை எழுதக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

அப்பா போனை உங்களிடம் கொடுத்தபோது நீங்கள் சொன்னது, "மோசடி நம்பரை பிளாக் பண்ணித் தர்றேன்." செய்தது, வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதிக்குப் போய் உங்கள் மடிக்கணினியைச் சேர்த்தது. பிளாக் செய்யக் கிடைத்த அனுமதி, படிக்கக் கிடைத்த அனுமதி ஆகாது. அதில் வேவு பார்க்க உட்கார்ந்த உங்களுக்கு மோசடிக்காரன் ஒருவனும் அகப்படவில்லை. மலேசியாவின் தைப்பிங்கில் இருக்கும் ஓர் அம்மாள் அகப்பட்டார். தினமும் காலையில் அப்பா அவருக்கு ஒரு பூப் படம் அனுப்புகிறார், அவர் இரவில், "சாப்டாச்சா?" என்று கேட்கிறார். இது காதல் மோசடியா, தம்பியிடம் சொல்லலாமா என்று கேட்கிறீர்கள்.

மோசடி எப்படி இருக்கும் என்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. வீடியோ அழைப்பைத் தட்டிக் கழிப்பார்கள். நேரில் சந்திக்கும் நாள் வரும்போதெல்லாம் ஒரு விபத்தோ சுங்கத்துறைப் பிரச்சினையோ முளைக்கும். எப்படிச் சுற்றினாலும் பணத்துக்கோ, ஏதோ ஒரு முதலீட்டுச் செயலிக்கோ வந்து சேரும். நீங்கள் படித்த ஆறு வாரத்தில் அந்த அம்மாள் ஒரு காசு கேட்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 1980களில் இருவரும் ஒரே இடத்தில் வேலை செய்தவர்கள் என்பதும் அவர்கள் பேச்சிலிருந்து தெரிகிறது என்கிறீர்கள். பிறகு என்ன? மனைவியை இழந்து ஆறு வருடம் ஆன ஒருவர் இரவில் தன்னைச் சாப்பிட்டாயா என்று கேட்க ஓர் ஆள் வைத்திருக்கிறார். அதை மகளிடம் சொல்லாமலிருக்க அவருக்கு உரிமை உண்டு. தம்பியிடம் சொல்வதற்கு உங்களுக்கு இல்லை.

இன்றைக்கே மடிக்கணினியை அந்தப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். நீக்கிவிட்டு அப்பாவிடம் சொல்லவும் வேண்டும். இதுதான் கஷ்டமான பகுதி. சத்தமில்லாமல் நீக்கிவிட்டால் அவருக்குத் தெரியவே போகிறதில்லை என்று தோன்றும். ஆனால் உதவி என்று சொல்லி இனி நீங்கள் எதைச் செய்ய வந்தாலும் அவருடைய சம்மதம் வேண்டும். இதை மறைத்துக்கொண்டு அதைக் கேட்க முடியாது. இணைத்தேன், படித்தேன், பயத்தில் செய்தேன், எடுத்துவிட்டேன். இவ்வளவு போதும். என்ன படித்தீர்கள் என்பதற்குள் போக வேண்டாம்.

ஏஐ செயலியில் போட்ட வங்கி அறிக்கைகள் சின்ன விஷயம், ஆனால் விஷயம்தான். பெயர், முகவரி, கணக்கு எண், யாருக்கு எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கிறது. இலவசச் செயலிகளில் பல, நாம் அமைப்பை மாற்றாத வரை, நாம் போடுவதைத் தங்கள் மென்பொருளைப் பயிற்றுவிக்கப் பயன்படுத்திக்கொள்ளும். அந்த உரையாடல்களை அழித்துவிட்டு அமைப்பில் அந்த வசதியை அணையுங்கள். இரண்டு பக்க அறிக்கை அது. அப்பாவும் நீங்களும் மூக்குக்கண்ணாடி போட்டு உட்கார்ந்தால் பத்து நிமிஷ வேலை.

புளோக் குழுவில் போட்ட படம்

உங்கள் கடிதத்தில் சட்டப்படி எனக்கு உண்மையாகவே பயம் தந்தது இதுதான். நீங்களோ ஒரே வரியில், "மற்றவர்களை எச்சரித்தேன்" என்று தாண்டிவிட்டீர்கள்.

2014இல் வந்த துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தில் 2020 ஜனவரி முதல் ஒரு புதுக் குற்றம் இருக்கிறது. ஒருவரைத் துன்புறுத்தும், கலங்கடிக்கும் நோக்கத்தோடு அவருடைய அடையாள விவரங்களை, அதாவது பெயர், படம், தொலைபேசி எண், முகவரி போன்றவற்றை வெளியிடுவது. 5,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நோக்கம் என்ன என்பதுதான் இங்கே எல்லாம். "இப்படி ஒரு மோசடி நடக்கிறது, கவனமாக இருங்கள்" என்று மட்டும் போட்டிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். நீங்கள் படத்துக்குக் கீழே எழுதியது: "இவன்தான் எங்கப்பா காசைத் தின்னவன். நம்பர் இருக்கு, எல்லாரும் போட்டு நாலு கேள்வி கேளுங்க." நோக்கம் என்ன என்று நீதிபதி உங்களைக் கேட்க வேண்டியதே இல்லை. 230 பேர் இருக்கும் குழுவை நாலு சுவருக்குள் பேசிய பேச்சு என்று வாதாடுவதும் எனக்குச் சிரமம்.

அதைவிடப் பெரிய சிக்கல், அவர் அந்த ஆளே இல்லாமல் இருக்கலாம். பேநவ்வில் தெரிந்த பெயரை வைத்து ஃபேஸ்புக்கில் தேடினீர்கள். அந்தப் பெயரில் சிங்கப்பூரில் எத்தனை பேர்? பெயர் சரியாகவே இருந்தாலும், பணம் போன கணக்கின் உரிமையாளரும் போனில் 'ரஹீம்' என்று பேசியவனும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். கூலிக்கோ ஏமாந்தோ கணக்கைக் கொடுத்தவர்களின் பெயர்தான் வழக்கமாக வெளியே தெரியும். அப்படிக் கொடுத்ததும் குற்றம்தான். அதை விசாரிப்பது காவல்துறையின் வேலை. உங்கள் புளோக்கின் வேலை இல்லை. தப்பான ஆளாக இருந்தால் அவதூறு வழக்கும் சேர்ந்துகொள்ளும்.

செய்ய வேண்டியது இதுதான். பதிவை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் சேர்த்து அழிக்க உங்களுக்கு இருந்த கெடு தாண்டியிருக்கும். குழு நிர்வாகியிடம் கேட்டுப் பாருங்கள். பிறகு குழுவில் இரண்டு வரி போடுங்கள்: "நான் முன்பு போட்ட படத்தில் இருப்பவர்தான் குற்றவாளி என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. அதைப் பகிர்ந்தது தவறு. தயவுசெய்து அழித்துவிடுங்கள், மேலும் பகிர வேண்டாம்." கூச்சமாகத்தான் இருக்கும். மின்தூக்கியில் நாலு பேர் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

காவல்துறையில் இன்னும் புகார் கொடுக்கவில்லை, "2,400 வெள்ளிக்கு யார் வரப் போகிறார்கள்" என்கிறீர்கள். கொடுங்கள், அதுவும் அப்பாவின் பெயரில், அவர் சொல்லச் சொல்ல. இணையத்திலேயே கொடுக்கலாம். இரண்டு மாதம் ஆகிவிட்டதால் பணம் திரும்பும் வாய்ப்பு குறைவுதான், ஆசை காட்ட மாட்டேன். ஆனால் அதே கணக்குக்கு இன்னும் எத்தனை பேர் அனுப்பியிருக்கிறார்கள் என்பது புகார்கள் சேர்ந்தால்தான் தெரியும்.

வங்கி தருமா என்றால், நம்ப வேண்டாம். 2024 டிசம்பர் 16 முதல் நடப்பில் இருக்கும் பொறுப்புப் பகிர்வுக் கட்டமைப்பு, போலி இணையப்பக்கத்தில் விவரங்களைக் கறந்து திருடும் வகை மோசடிகளுக்கானது. வங்கியோ தொலைத்தொடர்பு நிறுவனமோ தன் கடமையில் தவறியிருந்தால் அது இழப்பை ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். பணத்தைத் தானே அனுப்பியவர்களுக்கு அது பொருந்தாது. அப்பா தன் கையால்தான் அனுப்பினார்.

கிளினிக் கணினி

தொடாதீர்கள்.

வீட்டு விவகாரத்தில் நீங்கள் செய்தவற்றுக்குத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் பொருந்துமா என்று பயந்திருக்கிறீர்கள். சொந்த, குடும்ப நிலையில் செயல்படும் தனிமனிதரை அந்தச் சட்டம் விட்டுவிடுகிறது. கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்த விலக்கு போய்விடும். நோயாளிப் பதிவைத் திறக்க உங்களுக்கு உரிமை உண்டு, அது வேலைக்காக. வேலைக்குத் தொடர்பில்லாமல் ஒருவர் பெயரைத் தட்டிப் பார்த்தால், முன்பு சொன்ன அதே 3ஆம் பிரிவு வந்து நிற்கும். கிடைத்ததை வெளியே கொடுத்தால் 2021இல் சேர்த்த பிரிவுகளின்படி தனிப்பட்ட முறையிலும் 5,000 வெள்ளி அபராதமோ 2 ஆண்டு சிறையோ வரலாம். பார்க்க உரிமை உள்ள திரையில் பார்க்கக் கூடாததைப் பார்த்ததற்காக இங்கே பலர் வேலையையும் இழந்து நீதிமன்றமும் ஏறியிருக்கிறார்கள். யார் எப்போது எந்தப் பதிவைத் திறந்தார்கள் என்பது இந்த அமைப்புகளில் பதிவாகும், மறந்துவிடாதீர்கள்.

பூட்டலாம், சாவி அவரிடம் இருக்கட்டும்

பட்டன் போன் யோசனையை விட்டுவிடுங்கள். அரசு தரும் சிடிசி பற்றுச்சீட்டில் காப்பி வாங்க, பலதுறை மருந்தகத்தில் முன்பதிவு செய்ய, மசே நிதி (மத்திய சேம நிதி) கணக்கைப் பார்க்க, தைப்பிங்குக்குப் பூ அனுப்ப, எல்லாவற்றுக்கும் அவருக்கு அந்தப் போன் வேண்டும். 73 வயதில் தானாகக் கற்றுக்கொண்ட மனிதர். அதைப் பிடுங்கினால் ஒவ்வொரு காரியத்துக்கும் உங்கள் கையை எதிர்பார்த்து நிற்பார், அல்லது உங்களுக்குத் தெரியாமல் இன்னொரு போன் வாங்குவார். என் தாயார் இரண்டாவதைச் செய்தார்.

அவர் கணக்கை அவரே பூட்டிக்கொள்ள இப்போது நல்ல வசதிகள் இருக்கின்றன. 2023 நவம்பரிலிருந்து உள்ளூர் வங்கிகள் மூன்றிலும் பணத்தின் ஒரு பகுதியைப் பூட்டிவைக்கலாம். பூட்டிய பணத்தை இணையம் வழியாக யாரும் நகர்த்த முடியாது, அவரும்கூட. திறக்க வேண்டுமானால் வங்கியைப் பொறுத்துக் கிளைக்கோ ஏடிஎம்முக்கோ நேரில் போக வேண்டும். உங்கள் அப்பாவின் சேமிப்பில் 60,000 வெள்ளி இருக்கிறது என்கிறீர்கள். மாதச் செலவுக்கு 3,000 வைத்துவிட்டு மீதியைப் பூட்டினால், நாளைக்குப் பத்து ரஹீம்கள் பேசினாலும் அந்த 3,000தான் ஆபத்தில் இருக்கும். மசே நிதிக்கும் இணையவழி எடுப்பதைத் தடுக்கும் பூட்டு உண்டு. திறந்தால் 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் எத்தனையோ பேருக்குப் புத்தி தெளிந்திருக்கிறது. பேநவ் அன்றாட வரம்பைக் குறையுங்கள். சின்னத் தொகைக்கும் அறிவிப்பு வரும்படி செய்யுங்கள்.

வெளிநாட்டு அழைப்புகளை மொத்தமாகத் தடுக்கத் தொலைபேசி நிறுவனத்திடம் கேட்கலாம். வாட்ஸ்அப் பேச்சு அதனால் நிற்காது, ஆகவே தைப்பிங்குக்குப் பாதகமில்லை. மோசடி அழைப்புகளைத் தடுக்கும் ஸ்கேம்ஷீல்ட் செயலியை ஏற்றிக் கொடுங்கள். சந்தேகம் வந்தால் 1799ஐ அழைக்கலாம், எந்நேரமும் ஆள் இருப்பார்கள். இந்த எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டுங்கள். மகளிடம் கேட்க வெட்கப்படுபவர் முகம் தெரியாத ஒருவரிடம் கேட்டுவிடுவார். அதோடு ஒரு சின்னப் பழக்கம்: யார் போனில், "நான் யாரு சொல்லு" என்றாலும் பெயரை நாம் சொல்லக் கூடாது. "நீங்களே சொல்லுங்க" என்று விட்டுவிட வேண்டும். இந்த மோசடி முழுக்க அந்த ஒரு இடத்தில்தான் தொங்குகிறது.

போன் பாடத்தை நீங்கள் நடத்த வேண்டாம் என்பது என் யோசனை. மகள் சொல்லிக்கொடுத்தால் மூன்றாவது நிமிஷத்தில் சண்டை வரும். சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் மின்னிலக்கத் தூதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்; மூத்தோருக்கு இலவசமாக, ஒருவருக்கு ஒருவராகச் சொல்லிக்கொடுப்பார்கள். மருத்துவ முன்பதிவுகளை நீங்கள் பார்க்க வேண்டுமானால் அரசின் சுகாதாரச் செயலியான ஹெல்த்ஹப்பில் பராமரிப்பாளர் வசதி இருக்கிறது. அவர் சம்மதம் கொடுத்தால் உங்கள் சிங்பாஸிலேயே பார்க்கலாம், அவருடையது தேவையில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஒருநாள் அவர் 50,000 வெள்ளியை யாரோ ஒருவருக்கு அனுப்பியே தீருவேன் என்று நின்றால் என்ன செய்வது? அதற்கும் வழி இருக்கிறது. 2025 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் மோசடிகளிலிருந்து பாதுகாக்கும் சட்டப்படி, ஒருவர் மோசடிக்காரருக்குப் பணம் அனுப்பப் போகிறார் என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, வேறு எதுவும் பலிக்காவிட்டால், காவல்துறை அவர் கணக்கைத் தற்காலிகமாகக் கட்டுப்படுத்தலாம். முதலில் 30 நாள், தேவையானால் ஐந்து முறை வரை நீட்டிக்கலாம். வீட்டுச் செலவுக்கு எடுக்க அனுமதி கேட்கலாம். கடைசி ஆயுதம் அது. ஆனால் அதைக் கையில் வைத்திருப்பது காவல்துறை, நீங்கள் இல்லை என்பது உங்களுக்கே ஒரு நிம்மதியாக இருக்கும்.

எல்பிஏ என்று எல்லாரும் சொல்லும் நீடித்த அதிகாரப் பத்திரத்தைப் பற்றி உங்களுக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. அது எழுதிய மறுநாளே அப்பாவின் கணக்கை உங்கள் கையில் கொடுக்காது. அவர் முடிவெடுக்கும் திறனை இழந்தால்தான் உயிர் பெறும். அவர் தெளிவாக இருக்கும்போதே, யாரை நியமிப்பது, எதற்கெல்லாம் என்று அவரே முடிவு செய்ய வேண்டும். மருத்துவரோ வழக்கறிஞரோ மனநல மருத்துவரோ அவரிடம் பேசி, யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்று சான்று தர வேண்டும். எழுதச் சொல்லுங்கள், நல்லதுதான். ஆனால் இந்தக் கோபம் ஆறிய பிறகு சொல்லுங்கள். அவர் தம்பியையும் சேர்த்து நியமிக்க விரும்பினால் முகம் சுளிக்காதீர்கள். கூட்டுக் கணக்கு பற்றியும் கேட்டிருந்தீர்கள்: மாதச் செலவுக்கு ஒரு சின்னக் கூட்டுக் கணக்கு சரி, முழுச் சேமிப்பையும் அதில் போட்டால் பின்னால் அது யார் பணம் என்ற சண்டைக்கு விதை போட்டதாக ஆகும்.

சரி, எதை முதலில்? இன்றிரவு மடிக்கணினி இணைப்பும் குழுப் பதிவும். சனிக்கிழமை காலை அப்பாவோடு உட்கார்ந்து சிங்பாஸை அவர் போனில் மறுபடி ஏற்றுங்கள். முகம் காட்ட வேண்டிவரும். இந்த முறை எதற்கு என்று சொல்லிவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். வங்கி டோக்கனும் அப்படியே அவர் போனுக்குப் போக வேண்டும். புதுச் சாதனத்தில் ஏற்றினால் 12 மணி நேரம் பெரிய மாற்றங்கள் செய்ய முடியாது, பதற வேண்டாம். திங்கட்கிழமை கிளைக்குப் போய்ப் பணத்தைப் பூட்டுவது பற்றிக் கேளுங்கள். எவ்வளவு பூட்டுவது என்று கவுண்டரில் கேட்பார்கள். நீங்கள் பக்கத்து நாற்காலியில் இருங்கள். தொகையை அவர் சொல்லட்டும்.